இளங்கலை ஆய்வுப் போஸ்டர் கருத்தரங்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொங்கல் விடுமுறை முடிந்து கல்லூரி திறந்ததும் துறை நோட்டீஸ் போர்டில் கருத்தரங்கு அழைப்பிதழ்கள் வரிசையாக ஏறிவிடும். பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினம் என்பதால் அதை ஒட்டி எங்காவது ஒரு போஸ்டர் போட்டி நிச்சயம் இருக்கும். நான் வேதியியல் பாடம் நடத்துகிறேன். மாணவர்களைப் போஸ்டரோடு அழைத்துப் போவதுண்டு, சில இடங்களில் நடுவராக நிற்பதும் உண்டு. வகுப்பு மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே தொகுத்திருக்கிறேன்.

உதாரணம் தேவைப்படும் இடங்களில் ஒரே ஆய்வை எடுத்துக்கொள்கிறேன்: ஒரு கிராமத்தின் போர்வெல் தண்ணீரில் கடினத்தன்மை (கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசியம் உப்புகள்) எவ்வளவு என்று பார்ப்பது. பி.எஸ்சி. வேதியியல் படித்தவர்கள் எல்லோரும் ஆய்வகத்தில் செய்து பார்த்த சோதனைதான்.

மேடம், போஸ்டர் பிரசன்டேஷன்னா மேடையில ஏறிப் பேசணுமா?

மேடை கிடையாது. ஒரு கூடத்தில் வரிசையாகப் பலகைகள் நிற்கும். உங்களுக்கு ஓர் எண் கொடுப்பார்கள். அந்த எண் உள்ள பலகையில் போஸ்டரை மாட்டிவிட்டுப் பக்கத்திலேயே நிற்க வேண்டும். ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ ஆட்கள் நடந்துகொண்டே இருப்பார்கள். ஆர்வம் உள்ளவர் நின்று கேட்பார். நடுவர் வரும்போது மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் கிடைக்கும்.

எல்லோரையும் மேடையில் பேசவைக்க நேரம் போதாமல்தான் இந்த முறையே வந்தது. 1969-இல் மாட்ரிட்டில் நடந்த ஐரோப்பிய உயிர்வேதியியல் மாநாட்டில் போஸ்டர் அமர்வு வைத்தார்கள். 1974-இல் மினியாபொலிஸ் மாநாட்டில் வைத்த பிறகு அமெரிக்காவிலும் பரவியது. இளங்கலை மாணவர்களின் ஆய்வுகளுக்கென்றே அங்கே 1987-இலிருந்து ஒரு தேசிய மாநாடு நடந்துவருகிறது. அங்கும் இங்கும் அடிப்படை ஒன்றுதான்: நின்று பேசுவதற்குப் போஸ்டர் ஒரு சாக்கு. அந்த ஐந்து நிமிடப் பேச்சுக்கு உதவாத எதற்கும் அதில் இடம் கொடுக்கத் தேவையில்லை. கீழே உள்ள பாதிப் பதில்கள் இதிலிருந்து வருபவைதான்.

நான் ஃபர்ஸ்ட் இயர்தான். கலந்துக்கலாமா?

அழைப்பிதழில் ‘இளங்கலை மாணவர்கள்’ என்று மட்டும் இருந்தால் தாராளமாக. சில இடங்களில் இறுதியாண்டு மட்டும் என்று போட்டிருப்பார்கள், அதை முதலில் பாருங்கள். முதலாண்டில் தனியாக ஒரு ஆய்வை எடுப்பதைவிட இரண்டாமாண்டு அண்ணன், அக்காக்களின் குழுவில் சேர்ந்து மாதிரி சேகரிக்கப் போவது நல்லது. அடுத்த வருடம் உங்களுக்கே கேள்வி தோன்றும்.

ஆராய்ச்சின்னு சொல்ற அளவுக்கு நான் எதுவும் பண்ணலையே. நெட்ல படிச்சு ‘நானோ தொழில்நுட்பம்’னு ஒரு தலைப்புல போட்டா போதாதா?

சில போட்டிகளில் கருத்து விளக்கப் போஸ்டர் என்று தனிப் பிரிவு வைத்திருப்பார்கள். அங்கே போதும். ஆய்வுப் போஸ்டர் என்று கேட்டிருந்தால் போதாது. நடுவர் கேட்கும் முதல் கேள்வியே ‘இதில் நீங்கள் என்ன செய்தீர்கள்?’ என்பதாகத்தான் இருக்கும். ‘படித்தேன்’ என்று சொன்னால் பேச்சு அதோடு நின்றுவிடும்.

ஆராய்ச்சி என்றதும் பெரிய கருவிகளை நினைத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் தெருவில் சோப்பு நுரைக்கவில்லை, பக்கத்துத் தெருவில் நுரைக்கிறது. ஏன்? போர் ஆழமாகப் போகப் போகக் கடினத்தன்மை கூடுகிறதா? இது ஒரு ஆய்வுக் கேள்வி. பியூரெட், பிப்பெட், கடினத்தன்மையை அளக்க உதவும் இ.டி.டி.ஏ. கரைசல் இருந்தால் விடை தேடலாம். ஒப்பிட்டுப் பார்க்க இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர் அளவுகள் இருக்கின்றன: ஐ.எஸ். 10500 தரத்தின் 2012 பதிப்பில் மொத்தக் கடினத்தன்மைக்கு ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம், வேறு நீர் ஆதாரம் இல்லாதபோது 600 வரை. ‘நிலத்தடி நீரின் இயற்பிய வேதியியல் பகுப்பாய்வு பற்றிய ஓர் ஆய்வு’ என்ற தலைப்பில் ஆயிரம் போஸ்டர்கள் வந்துவிட்டன. ‘ஆழமான போர்களில் தண்ணீர் கூடுதலாகக் கடினமாக இருக்கிறதா?’ என்று கேட்டால் நடந்துபோகிறவர் நிற்பார்.

நான் தமிழ் லிட்ரேச்சர். எங்களுக்கெல்லாம் போஸ்டர்ல காட்ட என்ன இருக்கு?

நிறைய இருக்கிறது. உங்கள் ஊர் எல்லையில் நிற்கும் நடுகற்களைப் படம் எடுத்து, எங்கே எது நிற்கிறது என்று வரைபடத்தில் குறித்தால் அது போஸ்டருக்கென்றே பிறந்த பொருள். ஒரு தாலுகாவுக்குள் தாத்தாவை எந்தெந்த ஊரில் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டு வரைபடத்தில் வண்ணமிடலாம். வணிகவியல் மாணவர்கள் உழவர் சந்தை விலைப்பலகையையும் பக்கத்துத் தெருக் கடை விலையையும் தினமும் குறித்து ஒப்பிடலாம்.

கட்டுரையில் ஐந்து பக்கம் தேவைப்படும் விவாதத்தை மட்டும் போஸ்டருக்குக் கொண்டுவராதீர்கள். கண்ணால் பார்த்தால் விளங்குகிற பகுதி எதுவோ அதை எடுங்கள்.

அப்ஸ்ட்ராக்ட் 250 வார்த்தை அனுப்பச் சொல்றாங்க. எனக்கு இன்னும் ரிசல்ட்டே வரலையே?

இது எல்லோருக்கும் நடப்பது. சுருக்கம் கேட்கும் தேதி கருத்தரங்குக்குப் பல வாரங்கள் முன்னால் இருக்கும். கேள்வி என்ன, எப்படிச் செய்கிறீர்கள், இதுவரை என்ன தெரிந்திருக்கிறது என்று எழுதுங்கள். பத்து போர்களில் நான்கை முடித்திருந்தால் நான்கு என்றே எழுதலாம். ‘முடிவுகள் விவாதிக்கப்படும்’ என்ற ஒற்றை வரியை மட்டும் போடாதீர்கள். தேர்வுக் குழுவில் உட்கார்ந்தால் அந்த வரியை எத்தனை முறை பார்க்க வேண்டியிருக்கிறது என்று தெரியும்.

வராத முடிவை ஊகித்து எழுதுவது அதைவிட மோசம். சுருக்கத்தில் ‘ஆழத்தோடு கடினத்தன்மை கூடியது’ என்று அச்சாகிவிட்டு, போஸ்டரில் வரைபடம் வேறு கதை சொன்னால் நடுவர் கையில் இரண்டும் இருக்கும்.

பேரு எந்த வரிசையில போடணும்? ஹெச்.ஓ.டி. பேரும் கட்டாயமா?

வேலையில் அதிகப் பங்கு எடுத்தவர் முதலில், வழிகாட்டி கடைசியில். அறிவியல் துறைகளில் வழக்கம் இதுதான். சம பங்கு என்றால் அகர வரிசையில் போட்டு, கீழே ஒரு வரியில் சொல்லிவிடலாம். துறைத்தலைவர் ஆய்வில் பங்கெடுத்திருந்தால் பெயர்ப் பட்டியலில் வருவார். ஆய்வகம் திறந்துவிட்டு, ரசாயனம் வாங்கிக் கொடுத்து உதவியிருந்தால் நன்றியுரையில் வருவார். இதை அச்சுக்குப் போவதற்கு முன் வழிகாட்டியிடம் பேசி முடித்துவிடுங்கள். அச்சான பிறகு வரும் மனத்தாங்கலுக்கு மருந்து இல்லை.

என்ன சைஸ்ல பண்ணணும்? கேன்வாவா, பவர்பாயின்ட்டா?

அழைப்பிதழில் போட்டிருக்கும் அளவுதான் சட்டம். பெரும்பாலும் ஏ0 கேட்பார்கள்: 841 மி.மீ. அகலம், 1189 மி.மீ. உயரம். சிறிய கூடமாக இருந்தால் அதில் பாதியான ஏ1 கேட்பார்கள். நெடுக்காகவா படுக்கையாகவா என்பதையும் பாருங்கள். நெடுக்குப் பலகையில் படுக்கைப் போஸ்டரை மாட்டினால் பக்கத்துப் போஸ்டரை மறைத்துக்கொண்டு நிற்கும்.

எந்த மென்பொருளானாலும் சரி. ஆனால் எழுதத் தொடங்குவதற்கு முன்பே பக்க அளவை மாற்றிவிடுங்கள். பவர்பாயின்ட் ஒரு பக்கம் 142 செ.மீ. வரை அனுமதிக்கும், ஏ0 அதற்குள் அடங்கிவிடும். வழக்கமான ஸ்லைடில் எல்லாம் செய்துவிட்டுக் கடைசியில் ஏ0 ஆக்கினால் படங்கள் இழுபடும், எழுத்துகள் இடம் மாறும், அந்த ராத்திரித் தூக்கம் போகும்.

ஃப்ளெக்ஸ் கடையில கொடுத்தா போதுமா? எவ்வளவு ஆகும்?

ஏ0-வின் பரப்பு சரியாக ஒரு சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய பத்தே முக்கால் சதுர அடி. கடைக்காரர் சதுர அடிக் கணக்கில் விலை சொல்வார். ரோல் மூன்றடி, நான்கடி அகலத்தில் வருவதால் 3 அடிக்கு 4 அடி என்று 12 சதுர அடிக்கு பில் போடுவார். அது ஏமாற்று இல்லை. எடுத்துப்போக ஃப்ளெக்ஸ் வசதி, மழையில் நனைந்தாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் டியூப்லைட் வெளிச்சத்தில் பளபளத்து, பாதி போஸ்டர் கண்ணில் படாது. மேட் தாள் கிடைத்தால் சற்று விலை கூடினாலும் அதையே எடுங்கள். கல்யாண பேனர் பழக்கத்தில் நான்கு மூலையிலும் வளையம் அடித்துக் கொடுப்பார்கள். கருத்தரங்குப் பலகைக்கு அது தேவையில்லை, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நிறம் மாறும். கணினித் திரையில் தெரியும் எல்லா நிறத்தையும் அச்சு மையால் கொண்டுவர முடியாது. பளிச்சென்ற நீலம் அச்சில் ஊதாவாக இறங்கும். நம் கடினத்தன்மைச் சோதனையில் எரியோகுரோம் பிளாக் டி நிறங்காட்டி ஒயின் சிவப்பிலிருந்து நீலமாக மாறுவதுதான் முடிவுநிலை. அந்த இரண்டு குடுவைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் போட்டால், அச்சில் இரண்டுமே ஊதாச் சாயலில் நிற்க வாய்ப்பு உண்டு. முழுப் போஸ்டரையும் அடிப்பதற்கு முன் அந்தப் படத்தை மட்டும் ஒரு சிறு துண்டில் அடித்துப் பாருங்கள். கோப்பை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதீர்கள், சுருக்கிவிடும். டாக்குமென்டாக அனுப்புங்கள், இல்லையேல் பென்டிரைவில் கொண்டுபோங்கள்.

எடுத்துப்போகும்போது அச்சுப்பக்கம் வெளியே இருக்கும்படி சுருட்டுங்கள். மாட்டும்போது ஓரங்கள் பலகையை நோக்கி வளையும், முன்னால் சுருண்டு விழாது. உறைக்கு ஹார்டுவேர் கடையில் நான்கு அங்குல பி.வி.சி. குழாய் ஒரு துண்டு வெட்டி வாங்கினால் பேருந்தில் யார் மேல் சாய்ந்தாலும் கவலை இல்லை. பையில் குண்டூசி, இருபக்க டேப், பைண்டர் கிளிப் மூன்றும் இருக்கட்டும். அங்கே கொடுப்பார்கள் என்று நம்பிப் போகாதீர்கள்.

கடையில தமிழ் எழுத்து உடைஞ்சு வருது, கொம்பு தனியா நிக்குது. என்ன பண்றது?

நீங்கள் யூனிகோடில் தட்டச்சு செய்திருப்பீர்கள். கடையில் பழைய கோரல்டிரா அல்லது ஃபோட்டோஷாப்பில் திறந்திருப்பார்கள். அதில் ‘கொ’ மூன்றாக உடையும், புள்ளி இடம் மாறும். ‘பாமினி ஃபான்ட்டில் மறுபடி அடிச்சுத் தர்றேன்’ என்று கடைக்காரர் நல்ல மனதோடுதான் சொல்வார். ஒத்துக்கொள்ளாதீர்கள். அவசரத்தில் அடிக்கும்போது எங்காவது ஒரு ‘ல’ ‘ள’வாகும், நீங்கள் கவனிப்பது கருத்தரங்கு நாளன்றுதான்.

எழுத்துரு உள்ளடங்கிய பிடிஎஃப் ஆக்கி, அதை அப்படியே அச்சுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அது முடியாது என்றால் முழுப் போஸ்டரையும் படமாக மாற்றிக் கொடுங்கள். ஏ0-வுக்கு அங்குலத்துக்கு 150 புள்ளி என்றால் சுமார் 4970-க்கு 7020 பிக்சல். இரண்டடி தள்ளி நின்று பார்ப்பவருக்கு அது போதும்.

எவ்வளவு எழுதலாம்? எங்க ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ல 40 பக்கம் இருக்கு.

அந்த நாற்பது பக்கத்தை வீட்டில் வையுங்கள். 400, 500 சொற்களுக்கு மேல் போனால் யாரும் படிப்பதில்லை. எழுத்தளவு தலைப்புக்கு 85 பாயின்ட்டுக்குக் குறையாமல், உள் எழுத்துக்கு 28-க்குக் குறையாமல் இருக்கட்டும். ஏ4 தாளில் மொத்தப் போஸ்டரையும் அச்செடுத்துக் கையில் பிடித்துப் பாருங்கள். அதில் எழுத்துகளைப் படிக்க முடிந்தால் பெரியதில் தொந்தரவு இல்லை.

முதலில் வெட்ட வேண்டியது முன்னுரை. ‘நீர் உயிரின் ஆதாரம், பூமியின் பெரும்பகுதி நீரால் சூழப்பட்டுள்ளது’ என்று தொடங்கும் பத்தி இல்லாத தண்ணீர்ப் போஸ்டரை நான் அநேகமாகப் பார்த்ததில்லை. அதைத் தூக்கினால் உங்கள் ஊர் வரைபடத்துக்கு இடம் கிடைக்கும். கல்லூரி முகப்புப் படம், முதல்வர் படம், நான்கு முத்திரைகள் இவற்றுக்கும் இதே பதில்தான். ஒரு முத்திரை போதும்.

நடுவுல ஒரே ஒரு வரியை மட்டும் பெருசா போட்ட போஸ்டர் பார்த்தேன். அது சரியான முறையா?

2019-இல் மைக் மாரிசன் என்ற அமெரிக்க உளவியல் ஆய்வு மாணவர் ஒரு காணொளியில் பரப்பிய வடிவம் அது. நடுவில் முடிவை மட்டும் எளிய வாக்கியத்தில் பெரிதாகப் போட்டு, விவரங்களை ஓரப் பட்டைகளில் ஒதுக்கி, கியூஆர் குறியீடு வைப்பது. பெரிய மாநாடுகளில் நடந்தபடியே பத்து போஸ்டரின் சாரத்தைப் பிடித்துவிடலாம் என்பது அவர் வாதம்.

யோசனை எனக்குப் பிடிக்கும். ஆனால் நம் கல்லூரிப் போட்டிகளின் மதிப்பெண் தாளில் முன்னுரை, முறை, முடிவு என்று தனித்தனிக் கட்டம் இருக்கும். முறை எங்கே என்று நடுவர் தேட வேண்டியிருந்தால் அந்தக் கட்டம் காலியாகிவிடும். ஆகவே பாதி வழி வாருங்கள்: தலைப்புக்குக் கீழே முடிவை ஒரு வரியில் பெரிதாகப் போட்டு, மற்றதை வழக்கமான அமைப்பில் வையுங்கள்.

கிராஃப் எப்படிப் போட்டா நல்லா இருக்கும்? எக்ஸெல்ல த்ரீ-டி பை சார்ட் அழகா வருதே?

வேண்டாம். சாய்ந்த முப்பரிமாண வட்டத்தில் முன்னால் இருக்கும் துண்டு பெரிதாகவும் பின்னால் இருப்பது சிறிதாகவும் தெரியும். பட்டை வரைபடம் போதும், பட்டை சுழியத்திலிருந்து தொடங்கட்டும். ஆழத்துக்கும் கடினத்தன்மைக்கும் உறவு தேடுகிறீர்கள் என்றால் ஒவ்வொரு போரையும் ஒரு புள்ளியாகக் குறித்துவிடுங்கள். மூன்று வீட்டில் இரண்டு வீடு என்பதை 66.67% என்று எழுதாதீர்கள், ‘3-இல் 2’ என்று எழுதுங்கள். பிழைக்கோடு (எரர் பார்) போட்டால் அது திட்டவிலக்கமா, திட்டப்பிழையா என்று கீழே சொல்லுங்கள்.

தசமத்தைப் பற்றி ஒன்று. எக்ஸெல் 412.3786 என்று காட்டுவதை அப்படியே போஸ்டரில் ஏற்றுகிறார்கள். 20 மி.லி. தண்ணீரை 0.01 மோலார் இ.டி.டி.ஏ. கொண்டு தரம் பார்க்கும்போது (டைட்ரேஷன்) பியூரெட்டில் 1 மி.லி. என்பது லிட்டருக்கு 50 மில்லிகிராம் கடினத்தன்மைக்குச் சமம். பியூரெட்டின் சிறிய கோடு 0.1 மி.லி. ஆக ஒரு கோடு தவறினால் விடை 5 மில்லிகிராம் நகரும். இப்படி இருக்கும்போது நான்கு தசமத்துக்கு என்ன பொருள்? 410 என்று போடுங்கள். ‘ஏன் 410?’ என்று கேட்டால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். பாதி நடுவர்கள் அங்கேயே உங்கள் பக்கம் வந்துவிடுவார்கள்.

எதிர்பார்த்த ரிசல்ட் வரல. ஆழத்துக்கும் கடினத்தன்மைக்கும் சம்பந்தமே இல்ல. போஸ்டர் போடலாமா?

போடலாம். ‘சம்பந்தம் தெரியவில்லை’ என்பதும் ஒரு முடிவுதான். மேலே சொன்ன புள்ளி வரைபடத்தில் புள்ளிகள் சிதறிக் கிடப்பதை அப்படியே காட்டுங்கள். எத்தனை போர், எந்த ஆழத்திலிருந்து எந்த ஆழம் வரை என்று சொல்லுங்கள். எல்லாமே கிட்டத்தட்ட ஒரே ஆழமாக இருந்திருக்கலாம், பாறை வகை மாறியிருக்கலாம். அடுத்து எதைப் பார்ப்பீர்கள் என்பதோடு முடியுங்கள். ஒத்துவராத புள்ளியைக் காரணம் சொல்லாமல் அழித்துவிட்டுக் கோடு இழுப்பது மோசடி. அதில் பேச ஒன்றுமில்லை.

எனக்கு இங்கிலீஷ் சரளமா வராது. அதனாலேயே பயமா இருக்கு.

அதிகம் வரும் கேள்வி இதுதான், பெரும்பாலும் தனியாக வந்து மெதுவாகக் கேட்பார்கள். நடுவர் தமிழ் தெரிந்தவர் என்றால் ‘தமிழில் விளக்கலாமா சார்?’ என்று தொடக்கத்திலேயே கேளுங்கள். மறுப்பவர்களை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். வேண்டுமென்றே ஆங்கிலத்திலேயே கேள்வி கேட்பவரும் பதில் தமிழில் வந்தால் புரிந்துகொள்கிறார். வெளிமாநிலத்து நடுவர் என்றால் போஸ்டர் ஆங்கிலத்தில் இருக்கட்டும், நீங்கள் படத்தைச் சுட்டிக்காட்டிச் சின்னச் சின்ன வாக்கியமாகச் சொல்லுங்கள். ‘திஸ் இஸ் த வெல். டெப்த் 300 ஃபீட். ஹார்ட்னெஸ் 410.’ இதில் புரியாமல் போக ஒன்றுமில்லை.

மனப்பாடம் மட்டும் செய்யாதீர்கள். ஒரு பக்க ஆங்கிலத்தை நெட்டுருப் போட்டு வந்த மாணவியை நடுவர் இரண்டாவது வரியில் நிறுத்தி, ‘எத்தனை மாதிரி?’ என்று கேட்டார். அந்த எண் அவளுக்குத் தெரியும், அவளே போய் எடுத்த மாதிரிகள். ஆனால் விட்ட வரியைத் தேடுவதிலேயே நேரம் போய்விட்டது. அதற்குப் பதில் மூன்று அளவில் பேசிப் பழகுங்கள்: அரை நிமிடம், இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம். முதலில் தமிழில், பிறகு ஆங்கிலத்தில். கேட்பதற்கு வேறு துறை ஹாஸ்டல் தோழியைப் பிடியுங்கள். அவளுக்குப் புரிந்தால் யாருக்கும் புரியும்.

ஜட்ஜ் என்னெல்லாம் கேட்பாங்க? பதில் தெரியலைன்னா?

செய்தவருக்கு மட்டும் தெரியக்கூடியதைக் கேட்பார்கள். நம் உதாரணத்தில்: இ.டி.டி.ஏ. கரைசலை எதை வைத்துத் தரப்படுத்தினீர்கள்? ஏன் பி.எச். 10-இல் வைத்தீர்கள்? மோட்டாரை எவ்வளவு நேரம் ஓடவிட்ட பிறகு தண்ணீர் பிடித்தீர்கள்? எந்த மாதம், வடகிழக்குப் பருவமழைக்கு முன்பா பின்பா? ஒத்த அளவீடு வரும்வரை திரும்பச் செய்தீர்களா? இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நெட்டில் பதில் கிடைக்காது, உங்கள் அப்சர்வேஷன் நோட்டில் இருக்கும். நோட்டையும் கூடவே கொண்டுபோங்கள். கேட்டதும் பக்கத்தைத் திறந்து காட்டுவது எந்த வாய்ச்சொல்லையும்விட வலுவானது.

தெரியாததற்கு ‘அதை நாங்கள் பார்க்கவில்லை. பார்க்க வேண்டுமென்றால் இப்படிச் செய்வோம்’ என்று சொல்லுங்கள். ‘வழிகாட்டி சொன்னார், செய்தோம்’ என்ற பதில்தான் மதிப்பெண்ணைக் குறைக்கிறது.

டீம்ல மூணு பேர். ஒருத்தன் மட்டும் நல்லா பேசுவான். அவனையே பேசவிடலாமா?

தொடங்கிவைக்க விடலாம். ஆனால் நடுவர்கள் பேசாமல் நிற்பவரைப் பார்த்துத்தான் அடுத்த கேள்வியைக் கேட்பார்கள், நானும் அப்படித்தான். மாதிரி சேகரித்தது யார், தரம் பார்த்தது யார், வரைபடம் போட்டது யார் என்று பிரித்துக்கொண்டு அவரவர் பகுதியை அவரவர் சொல்லுங்கள். மற்றவர் பகுதியின் அடிப்படையாவது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஓ.டி. கிடைக்குமா?

ஓ.டி. (ஆன் டூட்டி, வகுப்புக்கு வந்ததாகக் கணக்கிடும் அனுமதி) கிடைக்கும், முன்கூட்டியே கேட்டால். அழைப்பிதழ், ஏற்புக் கடிதம் இரண்டின் நகலோடு விண்ணப்பத்தைத் துறைத்தலைவரிடம் முதலிலேயே கொடுங்கள். திரும்பி வந்ததும் சான்றிதழ் நகலைச் சேர்த்துவிடுங்கள். இன்டர்னல் தேர்வு அன்று கருத்தரங்கு வந்தால் மறுதேர்வு உண்டா என்பதை வாயால் கேட்டதோடு நிற்காமல் எழுத்தில் வாங்குங்கள்.

கூகுள் ஃபார்ம்ல ஹாஸ்டல் பசங்ககிட்ட சர்வே எடுத்தேன். அதுக்கு பர்மிஷன் வேணுமா?

வேண்டும். மனிதர்களிடம் தகவல் வாங்கும் எந்த ஆய்வுக்கும் பங்கேற்பவரின் சம்மதம் அடிப்படை. உடல்நலம், மனநலம் சார்ந்த கேள்வி என்றால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் பொருந்தும், நெறிமுறைக் குழுவிடம் கேள்வித்தாளை முதலிலேயே காட்ட வேண்டும். எடுத்து முடித்த பிறகு அனுமதி வாங்கும் வழி கிடையாது.

பலரும் கவனிக்காத ஒன்று: முதலாண்டு மாணவர்களில் 17 வயதுக்காரர்கள் இருப்பார்கள். அவர்கள் சம்மதித்தாலும் பெற்றோர் சம்மதமும் தேவை. தண்ணீர் ஆய்வுக்கும் ஒரு கவனம் உண்டு. ‘முருகேசன் வீட்டு போர், 820’ என்று போட்டால் நாளை அந்த வீட்டை வாடகைக்குக் கேட்க யார் வருவார்? ‘போர் 7’ என்று எண் கொடுங்கள்.

சாட்ஜிபிடியில எழுதி வாங்கலாமா? 10 சதவீதம் வரைக்கும் காப்பி அடிக்கலாம்னு சொல்றாங்களே?

இரண்டு கேள்வி இது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளில் 10 சதவீதம் வரையான ஒற்றுமைக்குத் தண்டனை இல்லை என்று இருக்கிறது. தற்செயலாகவும் வழக்கச் சொற்றொடராகவும் வரும் ஒற்றுமைக்கான தளர்வு அது. பத்து வரிக்கு ஒரு வரி திருடிக்கொள்ள உரிமை என்று படிக்கக் கூடாது. மேற்கோளுக்கு மூலம் சொல்லிவிட்டால் பிரச்சினையே இல்லை.

சாட்ஜிபிடியிடம் ஆங்கில வாக்கியத்தைத் திருத்தி வாங்குவதைப் பெரும்பாலான இடங்களில் ஏற்கிறார்கள். பயன்படுத்தியதைச் சொல்லச் சொன்னால் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். மேற்கோள் பட்டியலை மட்டும் அதனிடம் கேட்காதீர்கள். இல்லாத கட்டுரையை, இருக்கிற இதழின் பெயரில், பக்க எண்ணோடு எழுதிக் கொடுக்கும். நீங்கள் திறந்து படித்ததை மட்டும் போடுங்கள். நான்கைந்து போதும்.

பதிவுக் கட்டணம் கட்டினா ஐ.எஸ்.பி.என். புக்ல போடுறோம்னு மெயில் வருது. நம்பலாமா?

ஐ.எஸ்.பி.என். என்பது ஒரு புத்தகத்தை அடையாளம் காட்டும் எண். உள்ளே இருப்பது தரமானதா என்று அது சொல்லாது. இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் பெயரிலான முகமை அதை இலவசமாகவே வழங்குகிறது. சுருக்கம் அனுப்பிய ஒரு மணி நேரத்தில் ஏற்புக் கடிதம், எந்தத் துறை என்றாலும் ஒரே கருத்தரங்கு, வராதவருக்கும் சான்றிதழ் என்றெல்லாம் இருந்தால் விலகிவிடுங்கள். பக்கத்துக் கல்லூரியில் சின்னதாக நடக்கும் போட்டியில் மூன்று பேர் நின்று கேள்வி கேட்டால் அதுவே மேல்.

ஒரே போஸ்டரை ரெண்டு இடத்துக்குக் கொண்டுபோகலாமா?

விதிமுறையில் தடை இல்லாவிட்டால் போகலாம். முதல் இடத்தில் கிடைத்த கேள்விகளை வைத்துத் திருத்திக் கொண்டுபோனால் இன்னும் நல்லது. ‘இதற்கு முன் வேறெங்கும் வழங்கப்படவில்லை’ என்று உறுதிமொழி கேட்டிருந்தால் கையெழுத்துப் போடுவதற்கு முன் யோசியுங்கள்.

நாங்க ஒரு ஃபில்டர் செஞ்சிருக்கோம், பேட்டன்ட் போடலாம்னு இருக்கோம். போஸ்டர்ல காட்டலாமா?

முதலில் விண்ணப்பம், பிறகு போஸ்டர். பொதுவெளியில் காட்டிவிட்டால் ‘புதியது’ என்ற தகுதியே கேள்விக்குள்ளாகும். இந்தியச் சட்டத்தில் சில வகைக் கண்காட்சிகளுக்கும் கற்றோர் சங்கங்களில் படிக்கும் கட்டுரைகளுக்கும் 12 மாதச் சலுகை உண்டு. ஆனால் உங்கள் கல்லூரிப் போட்டி அதற்குள் வருமா என்று பிறகு வாதாடிக்கொண்டிருக்க வேண்டாம். தற்காலிக (புரொவிஷனல்) விவரக்குறிப்போடு விண்ணப்பித்துவிட்டால் முழு விவரக்குறிப்பு கொடுக்க 12 மாதம் கிடைக்கும், விண்ணப்பித்த பிறகு நிம்மதியாகக் காட்டலாம். ஒரு வரிச் சுருக்கம்கூட இணையத்தில் ஏறினால் வெளியீடுதான் என்பதால், சுருக்கம் அனுப்பும் தேதிக்கு முன்பே இதை முடிவு செய்யுங்கள்.

சீனியர் அக்கா பாஸ் ஆகிப் போயிட்டாங்க. அவங்க டேட்டாவை எங்க பேர்ல போடச் சொல்றாங்க. என்ன பண்றது மேடம்?

அவர் பெயரும் இருந்தால் போடலாம். முந்தைய ஆண்டின் மாதிரிகளோடு இந்த ஆண்டு நீங்கள் எடுத்ததையும் சேர்த்து ஒப்பிட்டால் அது நல்ல ஆய்வாகவும் ஆகும்: ஒரே போர், இரண்டு பருவமழை. அவர் எடுத்தது ஒரு நிறம், நீங்கள் எடுத்தது இன்னொரு நிறம் என்று வரைபடத்திலேயே பிரித்துக் காட்டுங்கள். அவருக்கு ஒரு போன் போட்டுச் சம்மதம் கேளுங்கள், அச்சுக்குப் போகும் கோப்பை அனுப்பி அவர் கண்ணிலும் ஒருமுறை படவையுங்கள்.

அவர் பெயரை எடுத்துவிட்டுப் போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். சொல்பவர் ஆசிரியராக இருந்தால் நேரடியாக மறுப்பது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அப்போது நடுவர் கேட்கப்போகும் கேள்விகளை முன்னால் வையுங்கள்: ‘மோட்டார் எவ்வளவு நேரம் ஓடியதுன்னு கேட்டா எங்களுக்குப் பதில் தெரியாது சார். அக்கா பேரையும் போட்டுட்டா, அவங்க எடுத்ததுன்னு சொல்லிடலாம்.’ பெரும்பாலும் இதற்குமேல் வற்புறுத்த மாட்டார்கள். வற்புறுத்தினால் அந்தப் போஸ்டரிலிருந்து உங்கள் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். பியூரெட் கைவசம் இருக்கிறது, ஊரில் போர்கள் இருக்கின்றன, அடுத்த கருத்தரங்குக்கு உங்கள் சொந்த மாதிரிகளோடு போகலாம்.